டிரேவரின் விடைத்தாளில் முப்பத்தெட்டு விதைகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மௌரீனின் வீட்டில் ஒரு விடைத்தாள் குறைந்தது.

மௌரீனின் அம்மா சரளா, பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். மூன்று பிரிவுகளுக்கும் சேர்த்து நூற்றிருபது விடைத்தாள்கள். ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவற்றைத் திருத்தி முடித்திருந்தார். திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டும்.

"நூத்திப் பத்தொன்பது," என்றார் அம்மா. மறுபடி எண்ணினார். "நூத்திப் பத்தொன்பதுதான்."

மூன்றாம் முறையும் எண்ணிப் பார்த்தார்.

"யாருதைக் காணோம் மம்மி?"

"செவன் பி, டிரேவர். திருத்தினது நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு புள்ளையோட பேப்பரைத் தொலைச்சிட்டேன்னு நாளைக்கு எப்படிச் சொல்லுவேன்?"

அம்மா சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத் தெம்பு இல்லை.

மௌரீன் மெல்லத் திரும்பி ஃப்ரிட்ஜின் மேலே பார்த்தாள்.

ஃப்ரிட்ஜின் மேல் அவளுடைய விதைகள் காய்ந்துகொண்டிருந்தன.

அவை பரங்கித் தக்காளியின் விதைகள். அந்தப் பெயரை வைத்தது மௌரீன்தான். பழம் மஞ்சளாக, பரங்கிக்காய் போல வரிவரியாக இருக்கும். அவர்கள் குடிவந்தபோதே துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு செடி நின்றது. அதன் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கடையில் அப்படிப் பழம் கிடைப்பதும் இல்லை. அதனால் மௌரீன் ஒவ்வொரு வருடமும் விதை எடுத்து வைத்து, மறுபடி விதைத்து வந்தாள். இது நான்காவது வருடம்.

இந்த வருடம் ஓயாத மழை. நான்கு செடிகளில் மூன்று, இலை கருகிச் செத்துப்போயின. மிச்சமிருந்த ஒன்றில் இரண்டே பழங்கள். ஒன்றை அணில் தின்றுவிட்டது. இன்னொன்றை மௌரீன் நன்றாகக் கனியவிட்டுப் பறித்தாள். அத்துடன் அந்தச் செடியும் சாய்ந்துவிட்டது.

பழத்தை வெட்டி, விதைகளைச் சாற்றோடு ஒரு டம்ளரில் மூன்று நாள் ஊறவைத்தாள். மேலே நுரை கட்டியதும் கழுவி, நீரை நன்றாக வடித்தாள். புதன்கிழமை அவற்றைக் காயப்போடத் தட்டு தேடினாள். எல்லாத் தட்டுகளும் கழுவாமல் தொட்டியில் கிடந்தன. அம்மாவுக்கு நேரமில்லை. அப்பா கிளெமென்ட், எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வேலை முடிந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிடுவார். மேசைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் விழுந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

இப்போது ஸ்டூல் போட்டு ஏறி அந்தத் தாளை இறக்கினாள். மேலே முப்பத்தெட்டு விதைகள், பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. அடியில் நீல மையில் ஒரு பெரிய செம்பருத்திப் பூ. ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருந்தது. மூலையில் சிவப்பில் 17/20.

"மம்மி," என்றாள் மௌரீன். "டிரேவர் பேப்பர் தொலையல. நான்தான் எடுத்தேன்."

அம்மா தாளைப் பார்த்தார். மௌரீனைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று மௌரீன் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"திட்டணும்தான்," என்றார் அம்மா. "இப்ப முடியல. நாளைக்குத் திட்டுறேன். அதைச் சுரண்டிட்டுக் கொடு."

மௌரீன் நகத்தால் ஒரு விதையை நெம்பினாள். அது இரண்டாகப் பிளந்தது. இன்னொன்றை நெம்பினாள். அதுவும் போயிற்று. அதோடு தாளும் லேசாகக் கிழியப் பார்த்தது.

"தண்ணி தொட்டு எடுக்கலாமா மம்மி?"

"ஜெல் பேனாவுல வரைஞ்சிருக்கான். தண்ணி பட்டா பூ மொத்தமும் ஓடிப்போயிடும்."

விதை ஒட்டியிருக்கும் இடத்தை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் விதைகள் சரியாகப் பூவுக்குப் பின்னால் இருந்தன. வெட்டினால் பூ போய்விடும். வெட்டாவிட்டால் விதை போய்விடும். இந்த விதையும் போனால் பரங்கித் தக்காளி இனிமேல் இல்லை.

"நான் டிரேவர்கிட்டயே கேட்டுட்டு வரட்டா? பேப்பர் அவனோடதுதானே?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "போ. நாளைக்கு வாங்குறதை இன்னைக்கே வாங்கிக்கட்டும். நடந்ததை அப்படியே சொல்லு. கதை கட்டாதே."

டிரேவரின் வீடு அடுத்த தெருவில்தான். ஆனாலும் அன்றைக்கு அது ரொம்ப தூரமாக இருந்தது.

கதவைத் திறந்த டிரேவருக்கு முகம் வெளிறியது. "டீச்சர் வீட்டுக்கே ஆள் அனுப்பிட்டாங்களா? அவ்ளோ மோசமா?"

மௌரீன் வாயைத் திறப்பதற்குள் அவன் தாளைப் பிடுங்கிவிட்டான். மூலையைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தான்.

"அம்மா! பதினேழும்மா! ஏழு இல்ல, பதினேழு!"

டிரேவரின் அம்மா ஷில்பா ஈரக் கையோடு ஓடி வந்தார். கார்மென்ட்ஸ் வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பார். அன்றைக்கு ஒரு வாரத் துணியையும் துவைப்பார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை இரண்டு கையாலும் வாங்கினார்.

"இவனா வரைஞ்சான்? இந்தப் பூவை?"

"நான்தாம்மா! அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்காங்க பாரு!"

"இதுவரைக்கும் ஒம்பதைத் தாண்டினதில்ல கண்ணு," என்றார் அவர் மௌரீனிடம். அவர் கண் கலங்கியிருந்தது. "டேய், செருப்பை மாட்டு. மதலைமுத்து கடை திறந்திருக்கும். இப்பவே லேமினேஷன் போட்டுடலாம்."

சொல்லிக்கொண்டே, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். படம் உள்பக்கமாக இருக்கும்படி தாளைக் குழல் மாதிரி சுருட்டினார். விறுவிறுவென்று நடந்தார்.

"ஆன்டி, ஒரு நிமிஷம்..." என்றாள் மௌரீன். ஆன்டி அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார்.

மதலைமுத்துவின் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மெஷின் சூடாகிக்கொண்டிருந்தது. அவர் கொட்டாவி விட்டபடி கையை நீட்டினார்.

"பேகா, சீக்கிரம் குடும்மா. கடை சாத்துற நேரம்."

தாளை விரித்ததும் அவர் கொட்டாவி பாதியில் நின்றது. "பின்னாடி என்ன இது, மூட்டைப்பூச்சியா?"

"விதை அங்கிள்," என்றாள் மௌரீன். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பழம், டம்ளர், தட்டு, ஃப்ரிட்ஜ். கதை கட்டாமல் சொன்னாள். "தப்பு என்னோடதுதான் ஆன்டி. கேக்காம எடுத்துட்டேன்."

"மெஷின்ல விட்டா எல்லாம் வெந்துடும்," என்றார் மதலைமுத்து.

டிரேவர் பூவைப் பார்த்தான். விதையைப் பார்த்தான்.

"வேணும்னா... பூவை வெட்டி எடுத்துக்கோ. மார்க்கு மட்டும் எனக்குப் போதும்," என்றான். சொல்லும்போது அவன் பூவைப் பார்க்கவே இல்லை.

மௌரீனுக்கு அழுகை வந்தது. கால் வலித்தது. எப்படியாவது இது முடிந்தால் போதும் என்றிருந்தது. கத்தரிக்கோலும் மேசை மேலேயே இருந்தது.

"வேணாம்," என்றாள். "வெட்டாதீங்க."

குனிந்துகொண்டாள். அப்போதுதான் மேசைக் கண்ணாடியின் மேல் அதைப் பார்த்தாள். மூன்று விதைகள். உடையாமல், முழுசாக.

"இது எப்படி விழுந்துச்சு?"

"நான் தொடவே இல்லப்பா," என்றார் மதலைமுத்து அவசரமாக.

மௌரீன் யோசித்தாள். நகத்தால் நெம்பியபோது விதை உடைந்தது. ஆன்டி நெம்பவில்லை. சுருட்டினார், அவ்வளவுதான். தாள் வளைந்தது. விதை வளையாது. அதனால் தானாகக் கழன்றுகொண்டது!

"ஆன்டி, இன்னொரு தடவை சுருட்டுங்க! இன்னும் சின்னதா!"

தாளை மேசை விளிம்பில் வைத்து, படம் கீழே இருக்கும்படி, மெதுவாகக் கீழ்நோக்கி வளைத்து இழுத்தார்கள். டக்கென்று ஒரு விதை தெறித்தது. டக், டக் என்று இன்னும் இரண்டு. ஒன்று மதலைமுத்துவின் சட்டைப் பைக்குள் போய் விழுந்தது.

"என் பாக்கெட்ல தோட்டம் போடுறீங்களா?" என்றார் அவர். ஆனால் பையைக் கவிழ்த்துக் கவனமாகத் தேடிக் கொடுத்தார். கடை சாத்துவதை மறந்துவிட்டார்.

கீழே டிரேவர் தன் டீ-ஷர்ட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு விழுந்ததையெல்லாம் எண்ணினான். இருபத்தொன்பது.

ஏழு மட்டும் எத்தனை வளைத்தும் அசையவில்லை.

"பிளேடு தரட்டா?" என்றார் மதலைமுத்து.

"வேணாம் அங்கிள். பூ கிழிஞ்சிடும். இது போதும்."

தாள் மெஷினுக்குள் போயிற்று. மறுபக்கம் பளபளவென்று வெளியே வந்தது. பின்பக்கம் ஏழு இடத்தில் மட்டும் சின்னச் சின்னதாகப் புடைத்திருந்தது.

"அம்மை போட்ட பேப்பர் மாதிரி இருக்கு," என்று டிரேவர் சிரித்தான். பிறகு கேட்டான்: "அது என்ன தக்காளி, புளிக்குமா?"

"கொஞ்சம் புளிக்கும். நீயும் போட்டுப் பாரு." மௌரீன் ஒன்பது விதைகளை எண்ணி அவன் கையில் வைத்தாள். "எனக்குச் செத்துப்போனா உன்கிட்ட இருக்கும். உனக்குச் செத்துப்போனா என்கிட்ட இருக்கும்."

"ரெண்டு பேருக்கும் செத்துப்போனா?"

"வாயை மூடு," என்றார் டிரேவரின் அம்மா.

மௌரீன் வீட்டுக்கு வந்தபோது அம்மா மறுபடி மேசைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். கையில் சிவப்புப் பேனா. கண் பாதி மூடியிருந்தது.

"பேப்பர் எங்கடி?"

"லேமினேட் பண்ணிட்டாங்க மம்மி."

"என்னது? கையெழுத்து?"

"போட்டுட்டுத்தான் லேமினேட் பண்ணாங்க. கையெழுத்தும் உள்ள இருக்கு."

அம்மா அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

மௌரீன் ஒரு காகித உறையில் விதைகளைப் போட்டாள். மேலே 'பரங்கித் தக்காளி, 20' என்று எழுதி மேசை மேல் வைத்தாள்.

அம்மா அதைத் தன் பக்கம் இழுத்தார். 20-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். பக்கத்தில் ஒரு டிக் அடித்தார். உறையை இடது பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அடுத்தது?"

"அவ்ளோதான் மம்மி. முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?" என்றார் அம்மா. பேனாவை மூடினார். அப்படியே மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

மௌரீன் சத்தமில்லாமல் தொட்டிக்குப் போய், தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள்.