ஆச்சு, விடலாம்

வீடியோ அழைப்பில் மகள் தன்னைப் பார்க்கவில்லை என்பதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். பேச்செல்லாம் அம்மாவிடம்தான். வகுப்பில் யார் அழுதார்கள், யார் யாரைக் கிள்ளினார்கள் என்று கை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். பார்வை மட்டும் திரைக்கு ஒரு சாண் மேலே போய் நிற்கிறது.

"சிட்டு, எங்கடி பாக்கற? அம்மா இங்க இருக்கேன்."

"பாத்துட்டுதான்மா இருக்கேன்."

கணவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "கேமரா மேலதானே இருக்கு, புள்ள அதைப் பாக்குது. நீ போய் எலும்பைப் பாரு."

எலும்பைப் பார்ப்பதுதான் அவளுடைய பிழைப்பு. ஒரு நாள் ரயில் பயணத் தூரத்தில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறாள். கிளம்புவதற்கு முன் மகளுக்காக வாங்கி வைத்ததுதான் அந்த லேப்டாப். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. ஐந்து வயதுப் பிள்ளை ஒரு கையால் தூக்கும் அளவுக்கு லேசு. "ஊதினா பறந்துடும் போலிருக்கே" என்று கணவன் அதை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினான். கனம் இல்லாத இடத்தில் திராணியும் இல்லை. பத்து நிமிடம் பேசினால் படம் அப்படியே நின்றுவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதுபோல் நெட்வொர்க் சரியில்லை என்று எழுதியும் காட்டும்.

முதல் தடவை அம்மாவின் முகம் வாய் கோணியபடி உறைந்ததைப் பார்த்துச் சிட்டு வீறிட்டு அழுதாள். அன்று அவள் ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். "அம்மா நின்னுட்டா, அம்மா எக்ஸ்ரே எடுக்கறேன்னு அர்த்தம். நீயும் அசையக் கூடாது. கண்ணை மட்டும் உருட்டலாம். நான் 'ஆச்சு, விடலாம்'னு சொன்னதும் பெரிசா மூச்சு விடணும்." நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்வதையே மகளிடமும் சொன்னாள், அவ்வளவுதான். பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒருமுறை அப்பா சாப்பிடக் கூப்பிட்டும் சிலையாய் உட்கார்ந்திருந்தாள். அப்பா சொன்னால் செல்லாதாம். அம்மா குரல்தான் செல்லும்.

நேற்று, படம் நின்று திரும்ப வந்ததும் அவள் வாய் திறப்பதற்குள் சிட்டு பெருமூச்சு விட்டுச் சிரித்தாள்.

"இன்னும் நான் சொல்லவே இல்லையேடி."

"சொன்னியே. நீ நின்னுட்டு இருந்தப்பவே சொன்னியே."

குரல் தாமதமாய்ப் போயிருக்கும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். விடுதிக் கட்டிலில் படுத்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. பிள்ளை கேமராவைப் பார்த்தால் தன் கண்ணை நேராகப் பார்ப்பதுபோல அல்லவா தெரிய வேண்டும்? அவள் பார்ப்பது அதற்கும் மேலே. அங்கே என்ன இருக்கிறது? மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டவளே இவள்தான். லேப்டாப்புக்குப் பின்னால் வெறும் சுவர். விரல்கூட நுழையாது.

இன்று மாலை கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, மருந்து நெடி அடிக்கும் அந்தச் சின்ன அறையில் போனைச் சாய்த்து வைத்து அழைத்தாள். சிட்டு நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டில், சாத்திய கதவு, கண்ணாடி பதித்த பீரோ. கீழே கணவனின் பட்டறையில் இரும்பு அறுக்கும் இயந்திரம் கிறீச்சிடுவது தரை வழியாக ஏறி, லேப்டாப்பின் மட்டமான மைக்கில் கரகரத்து, இங்கே இவள் பல் கூசும்படி வந்து சேர்ந்தது. பென்சில் தொலைந்த கதையைச் சிட்டு பாதி சொன்னாள். கேட்டு இவள் சிரித்தாள்.

சிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

படம் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தாள். ஆனால் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. இயந்திரச் சத்தமும் கேட்டது. நிற்காத படத்தில் பிள்ளை மட்டும் நின்றிருக்கிறாள். பீரோக் கண்ணாடியில் லேப்டாப்பின் திரை சின்னதாய்த் தெரிந்தது. அதில் அவளுடைய முகம், சற்றுமுன் சிரித்த சிரிப்போடு உறைந்திருந்தது.

அந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறது. தன் படமும் குரலும் அங்கே போகவில்லை. பிள்ளை விளையாடுகிறாள்.

"ஆச்சுடி கண்ணு. விடலாம்." கண்ணாடிக்குள் தெரிந்த தன் முகத்தில் உதடு அசையவில்லை.

அப்போது கதவு திறந்தது. கொஞ்சமாகத்தான், ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு. யாரும் வரவில்லை. சிட்டு திரும்பவில்லை. கண்கள் மட்டும் ஓரத்துக்குப் போயின. பிறகு நகர்ந்தன. கட்டிலை ஒட்டி. ஜன்னலை ஒட்டி. மெதுவாக. நடப்பவரைப் பார்ப்பதுபோல.

அழைப்பைத் துண்டித்தால் திரும்பக் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, மேசையிலிருந்த ஆஸ்பத்திரி போனில் கணவனின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அந்த அறையிலேயே. கட்டிலின்மேல், சார்ஜில், அவன் போன் வெளிச்சம் காட்டிக் காட்டி அடித்தது. கீழே இயந்திரம் ஓயவில்லை.

"சிட்டு, எந்திரி. அப்பாகிட்ட ஓடு. விளையாட்டு முடிஞ்சுதுடி. ஓடு."

கண்ணாடியில் அவள் சிரித்துக்கொண்டேயிருந்தாள்.

சிட்டுவின் கண்கள் மேசைக்கு வந்தன. திரைக்கு வந்தன. மேலே ஏறின. ஒரு சாண். இரண்டு சாண். இன்னும் மேலே. கழுத்து அசையாமல், வெள்ளை விழி தெரிய. கண்ணாடியில் அந்த இடத்தில் வெறும் சுவர்.

இயந்திரம் நின்றது.

இங்கே அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சுகூட விடவில்லை.

"ஆச்சு கண்ணு," என்றது அந்த அறையில் அவளுடைய குரல். "விடலாம்."

சிட்டு பெரிதாக மூச்சு விட்டாள். "நான்தானேம்மா ஜெயிச்சேன்?" என்று சிரித்து, தூக்கிக்கொள்ளச் சொல்லும் பிள்ளைகள் நீட்டுவதுபோல, இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.

மெல்லத்தான் மேலே எழும்பினாள். முகம் திரையின் மேல் விளிம்புக்கு வெளியே போனது. மார்பு போனது. சட்டையின் ஓரம். ஆடும் இரண்டு கால்கள். வீட்டுச் செருப்பு ஒன்று நழுவி மேசையில் விழுந்து, அந்த லேசான லேப்டாப் லேசாக அதிர்ந்தது.

பிறகு காலி நாற்காலி. மாடிப்படியில் கணவன் விசிலடித்தபடி ஏறி வரும் சத்தம். பீரோக் கண்ணாடியில், நாற்காலிக்கு எதிரே, இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும் அவள் முகம்.