பலகையில் ஏறிய தண்ணீர்

காலை ஏழு மணிக்கு அளவுப் பலகையில் முப்பத்தெட்டு இருந்திருக்க வேண்டும். நாற்பத்தேழு இருந்தது.

ஒஸ்மரினா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பதினோரு வருடமாக, காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும், வாய்க்காலில் நட்டிருக்கும் இந்தப் பலகையில் தண்ணீர் தொடும் எண்ணைப் படித்து நகரத்துக்கு அனுப்புவது அவள் வேலை. ஏரி வற்றிச் சேறாகி, பெரிய ஆற்றோடு அதைச் சேர்க்கும் இந்த ஒற்றை வாய்க்கால் மட்டும் மிச்சம் இருக்க, இரண்டு மாதமாக அந்த எண் இறங்கியதே தவிர ஒரு நாளும் ஏறியதில்லை. மழையும் இல்லை. தெற்கே எவனோ மாட்டுப் பண்ணைக்காகக் காட்டுக்கு வைத்த நெருப்பின் புகை வந்து கவிந்து, விடிந்த பிறகும் விடியாத மாதிரி ஒரு செம்மண் வெளிச்சம்தான் எங்கும் இருந்தது.

ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் ஊஞ்சல் படுக்கையில் மகள் லேனி நிறைமாதமாகக் கிடக்கிறாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று மருத்துவச்சி கிரூசா கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் படகை அனுப்பச் சொல்லி நான்கு நாளாக ஒஸ்மரினா பள்ளிக்கூடத்து வைஃபை கம்பத்தடியில் நின்று தொண்டை வறளக் கத்தியாகிவிட்டது. பலகையில் எழுபது சென்டிமீட்டர் வந்தால்தான் படகு வரும் என்பது அவர்கள் சட்டம்.

"நாப்பத்தேழா? மேல இருக்கிற எல்லாப் பலகையிலயும் இறங்குதும்மா. உங்களுது மட்டும் ஏறுமா? கண்ணாடியை மாத்துங்க" என்றான் போனில் நகரத்து அளவு அலுவலகத்துப் பையன்.

"உன் அலுவலகத்தைத் தூக்கிட்டு இங்க வந்து குனிஞ்சு பாருடா!"

போனைப் பாவாடைப் பைக்குள் திணித்துக்கொண்டு, கம்பத்தடியிலிருந்து வீட்டை நோக்கிச் சேற்றில் இறங்கி நடந்தாள். தண்ணீரில் கால் வைக்குமுன், 'உள்ளே வருகிறேன், அனுமதி கொடு' என்று தண்ணீரின் தாயிடம் வாய்க்குள் சொல்வது அங்கே பிறந்த எல்லோருக்கும் பழக்கம். அவள் அதை விட்டு ஒரு மாதம் ஆகிறது. "இந்தச் சேத்துக்கிட்ட என்னத்தை அனுமதி கேக்கிறது?" என்று அன்றைக்கும் கரித்துக் கொட்டிக்கொண்டேதான் இறங்கினாள்.

அவர்கள் வீடு மிதக்கும் வீடு. நான்கு தடித்த அடிமரங்களைக் கிடத்தி அவற்றின் மேல் கட்டியது. தண்ணீர் போனதும் வாய்க்கால் ஓரச் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. தட்டு வைத்தால் சறுக்கும், பானை வைத்தால் உருளும். இரண்டு வாரமாகச் சாமான்களெல்லாம் அடுப்படி மூலையில் போய்க் குவிகிற எரிச்சலில் அவள் மேசைக்காலை உதைத்த உதையில் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

மறுநாள் காலை மேசையில் வைத்த காபிக் குவளை நகரவில்லை.

வீடு நிமிர்ந்திருந்தது. அடிமரங்களைத் தண்ணீர் தொட்டு, தரை இலேசாக ஆடியது. பலகையில் ஐம்பத்தெட்டு.

"பாத்தியா!" என்றாள் கிரூசாவிடம். "என் கண்ணுக்கு ஒண்ணும் கேடில்லை."

கிரூசா மரவள்ளி மாவைக் குழம்பில் பிசைந்தபடி வாசலுக்கு வெளியே பார்த்தாள். "தண்ணி ஏறினா மீன் வரணுமே, ஒஸ்மரினா. மீன் எங்க? முதலைக்குட்டிங்ககூட நேத்தே கரையேறிப் போயிடுச்சு. செத்த மீன் அத்தனை கிடக்கு, ஒரு கழுகு இறங்குதா பாரு."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரேன்! என் பொண்ணு நல்லபடியா போய்ச் சேரட்டும், அப்புறம் மீனைப் பத்திப் பேசலாம்."

"நான் ஒண்ணும் சொல்லலை. ஏரிக்கு அடியில எது தூங்குதுன்னு உங்கம்மா உனக்குச் சொல்லாமலா வளத்தாங்க?"

தண்ணீரின் தாய் பெரும்பாம்பாக ஏரிக்கு அடியில் சுருண்டு தூங்குகிறாள் என்று அம்மா சொன்னதெல்லாம் ஏரி நிறையத் தண்ணீர் இருந்த காலத்துக் கதை. ஏரியே இல்லாதபோது அதில் தூங்குவதற்கு என்ன இருக்கிறது என்று ஒஸ்மரினா தனக்குள் வாதாடிப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. புகையில் காற்றே செத்துப்போய், லேனியின் முனகலும் விசிறி மட்டையின் சரசரப்பும் தவிர வேறெதுவும் கேட்காத நேரத்தில், தரைக்கு அடியில், அடுப்படிப் பக்கம் தொடங்கி, ஈரச் சாக்கை மரத்தோடு வைத்து மெதுவாக இழுப்பது போல ஒன்று உராய்ந்துகொண்டே படுக்கைப் பக்கம் நகர்ந்தது. நின்றுவிடும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். வெகுநேரம் நிற்கவில்லை. பலகை இடுக்குகள் வழியாக மீன் கவிச்சியும் பழஞ்சேற்று வாடையும் கலந்து மேலே வந்தன.

"அம்மா, கீழ என்னமோ..."

"கட்டை, கண்ணு. தண்ணி ஏறுதில்ல, கட்டை மிதந்து உரசுது."

மாலை ஐந்துக்குப் பலகையில் எழுபத்து மூன்று. அவள் தன் சந்தேகத்தை யாரிடமும் சொல்லவில்லை. படம் பிடித்து அனுப்பினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒருவழியாக மசிந்தார்கள். நாளை சாயங்காலம் படகு வரும், வாய்க்கால் முனையில் விளக்கோடு நிற்கவேண்டும் என்றார்கள். இத்தனை நாள் கோபமும் ஒரே மூச்சில் இறங்கி, கம்பத்தடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த நாள் ஐந்து மணிக்கே புகையில் இருட்டிவிட்டது. லேனிக்கு வலி எடுத்திருந்தது. கிரூசா அவளோடு வீட்டுக்குள் இருந்தாள். ஒஸ்மரினா கரைக்கும் வீட்டுக்கும் போட்டிருந்த ஒற்றைப் பலகையைக் கடந்து, இருபது அடி தள்ளி, அளவுப் பலகையருகில் விளக்கைத் தூக்கிப் பிடித்து நின்றாள். எண்பத்தொன்று. தண்ணீர் அசையவே இல்லை. தவளை இல்லை. கொசுகூட இல்லை.

தூரத்தில் படகின் எஞ்சின் கேட்டது.

"வந்துட்டாங்க! லேனி, வந்துட்டாங்கடி!"

ஜன்னலில் கிரூசாவின் நிழல் கையசைத்தது. வாய்க்கால் வளைவில் படகின் வெள்ளை வெளிச்சம் புகையைக் கிழித்துக்கொண்டு திரும்பியது. ஒஸ்மரினா பழக்க தோஷத்தில் விளக்கைத் தாழ்த்திப் பலகையைப் பார்த்தாள்.

எழுபது.

கண் இமைத்தாள். ஐம்பத்தைந்து.

தண்ணீர் எங்கும் ஓடவில்லை. சத்தமில்லாமல் இறங்கியது. அண்டாவில் குளித்துக்கொண்டிருந்தவர் எழுந்தால் தண்ணீர் இறங்குமே, அப்படி.

முப்பது. பத்து.

பலகையின் அடி தெரிந்தது. சேறு பளபளத்தது. வளைவில் படகு தரை தட்டி, எஞ்சின் ஊளையிட்டு அணைந்தது. யாரோ கத்தினார்கள். அவளுக்குக் காதில் விழவில்லை. இந்த மூன்று நாளும் ஏறியது தண்ணீர் இல்லை, தண்ணீருக்கு அடியில் இருந்தது. அதைத்தான் அவள் படித்துப் படித்து அனுப்பியிருக்கிறாள்.

"அனுமதி கொடு" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. "தாயே, அனுமதி கொடு."

முழங்கால் சேற்றில் விழுந்து எழுந்து வீட்டை நோக்கி ஓடினாள். தண்ணீர் போய்விட்டது. வீடு சாய வேண்டும். தட்டுகள் சறுக்க வேண்டும். பானை உருள வேண்டும்.

ஒன்றும் உருளவில்லை.

ஒற்றைப் பலகையின் மறுமுனை அவள் கண்ணெதிரே உயர்ந்தது. நழுவியது. சேற்றில் விழுந்தது.

"அம்மா?" ஜன்னலிலிருந்து லேனியின் குரல். மேலேயிருந்து. "அம்மா, நாம மிதக்கிறோமா?"

சொட்டுச் சொட்டாகச் சேறு வடிய, விளக்கு வெளிச்சத்தோடு, ஒரு குவளைகூடச் சிந்தாமல், வறண்ட வாய்க்காலுக்கு மேலே வீடு மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது.