நிரப்பாமல் விட்ட கட்டம்

"ஒவ்வாமைன்னு எதுவும் பதிவாகலையா? அப்ப ஒவ்வாமை இல்லைன்னு காட்டு. நக்கோ, வேணாம், வேற யோசிக்காதே."

மாதாப்பூர் மெட்ரோ படிக்கட்டின் கீழ் மழைக்கு ஒதுங்கியிருந்த தாரிணி திரும்பினாள். போனில் தீர்ப்புச் சொன்னவன் நெடிய ஆள். இமைகளில் மழைத்துளி... சண்டை போடத் தோன்றாத கண்கள். ஆனாலும் அவளால் விட முடியவில்லை.

"இல்லைன்னு யாருங்க சொன்னது? நோயாளியை யாரும் கேட்காமலே விட்டிருக்கலாமே."

"நீங்க யாரு மேடம்?"

"உங்க மாதிரி ஆளுங்களோட தினமும் சண்டை போடறவ."

அது அவள் தொழில். மருந்து, நோய், உடல் இவற்றின் உறவுகளைக் கணினிக்குப் புரியும்படி எழுதுவது. அந்த உலகில் சொல்லப்படாதது பொய்யாகிவிடாது; தெரியாதது, அவ்வளவே. போனில் பேசிய மணிவண்ணன் மருத்துவமனைகளுக்குத் தரவுத்தளம் கட்டுகிறவன். அவன் உலகில் பட்டியலில் பேர் இல்லாதவன் பிறக்கவே இல்லை.

மழை விட்டும் சண்டை விடவில்லை. மாலைதோறும் மிர்ச்சி பஜ்ஜி வண்டியின் முன் தொடர்ந்தது. மௌலா அலி ரயில்வே காலனியில் வளர்ந்தவன் அவன். தமிழில் தொடங்கி, உருதுவில் கோபித்து, தெலுங்கில் சமாதானமாவான். மயிலாடுதுறைக்காரி தாரிணிக்கு அது பிடித்திருந்தது. அவனுக்குத் தன்னைப் பிடிக்குமா... சொன்னதில்லை. ஆகவே, தெரியாது. கேட்கவும் மாட்டாள்; கேட்டால் தோற்ற மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை முகம் வாடி வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சைனிக்புரி மாமா வீட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க."

அவன் கையில் பஜ்ஜி பாதியில் நின்றது. "நீங்க சரின்னு சொன்னீங்களா?"

"ஒண்ணும் சொல்லல. அம்மா போட்டோ அனுப்பினாங்க, நான் பதில் போடல. சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க."

"வேண்டாம்னு சொல்லலைன்னா சம்மதம்தானே. வாழ்த்துக்கள்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். போகட்டும்... இவனுக்காகவா பதில் போடாமல் இருந்தேன் என்று இரவெல்லாம் பொருமினாள்.

மறுநாள் சனி, இருவருக்கும் அலுவலகம் கிடையாது. இருந்தும் இருவரும் வண்டிக்கு வந்திருந்தார்கள்.

"லீவு நாள்ல இங்க என்ன வேலை?"

"பஜ்ஜி."

"மௌலா அலியில பஜ்ஜி கிடைக்காதா?"

முழு பஜ்ஜியை வாயில் திணித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது; அம்மா.

"தாரு, நாளைக்கு எந்தப் புடவை கட்டிக்கப் போறே?"

தாரிணி எதிரே நின்றவனைப் பார்த்தாள். ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அவங்களை வர வேண்டாம்னு சொல்லிடும்மா. எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு."

அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அவருக்கு உன்னைப் பிடிச்சிருக்கா?"

"தெரியாதும்மா. நான் கேட்டதில்லை. பக்கத்துலதான் நிக்கறார்."

மணிவண்ணன் வாயில் கொதிக்கும் மிளகாய். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனமில்லை.

"பேச்சையே காணோமே," என்றாள் அம்மா. "அப்ப பிடிக்கலைன்னுதான் அர்த்தம்."

அவன் பதறி விழுங்கினான். கண்களில் நீர் தாரையாக வழிய, போனருகே குனிந்தான்.

"பிடிக்கும் அத்தை. முதல் நாள் மழையிலேயே. சொன்னா உங்க பொண்ணு அதுக்கும் ஆதாரம் கேட்பாங்கன்னு... பயந்துட்டேன்."

"குரல் என்னமோ போல இருக்கே. அழறாரா?"

"மிளகாய்தாம்மா," என்றாள் தாரிணி. அவள் கண்களும் நிறைந்திருந்தன. இன்று அவள் இன்னும் பஜ்ஜியைத் தொடவே இல்லை.