மடியில் வைத்த கால்

இரண்டாவது முறை மடிக்கு வந்தபோது மன்னரின் கால்கள் ஈரமாக இருந்தன.

இத்திக்குக்கு அது பிடிக்கவில்லை. பதினோரு வருடமாக, விருந்து நேரங்களில் மன்னர் தெக்வனின் கால்களை மடியில் ஏந்துவதும், அரிக்கிற இடம் பார்த்துச் சொறிந்துவிடுவதும்தான் அவன் உத்தியோகம். நெருப்புக்கு முதுகைக் காட்டி, மேசைப் பலகைக்கு அடியில், கோரை பரப்பிய தரையில் உட்கார்ந்திருப்பான். மன்னரின் தட்டிலிருந்தே கறி கிடைக்கும். "நாட்டுல எல்லாருந்தான் ராஜா காலைப் பிடிக்கறாங்க. அதுக்குச் சோறு வாங்கறவன் நான் ஒருத்தன்தான்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அந்தக் கால்கள் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போல எப்போதும் சூடாக இருக்கும். சற்று முன்புதான் மன்னர் அவற்றை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கடல் தாண்டி யாரோ ஒரு துறவி எழுதிய கடிதத்தை அரண்மனைக் குரு வாசித்ததுதான் காரணம். ‘தெக்வனே, அண்ணன் மகன் மெய்லிரைச் சதுப்பு நீருக்குள் மிதித்துக் கொன்ற உன் கால்களுக்கு இனி ஓய்வில்லை. வாய்மூடிப் பார்த்திருந்தவனுக்கும் இல்லை.’

"படிங்க, ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தான் திட்டறான்," என்று மேலே மன்னர் சிரித்தார். "டேய் இத்திக், என் காலைப் பத்தி எழுதியிருக்கான்டா. என்ன சொல்றே?"

"அவருக்கென்ன தெரியும் ராஜா? தினம் மோந்து பாக்கறவன் நானில்ல?"

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் கால்கள் திரும்ப மடிக்கு வந்தன.

அங்கியின் நுனியால் துடைத்தான். மறுபடி ஈரம். வெளியே பிற்பகல் மழை கூரைப்புல்லை அறைந்துகொண்டிருந்தது. உள்ளே புகையும், ஆட்டுக்கொழுப்பு உருகும் வாடையும், நனைந்த நாய்களின் நாற்றமும் எப்போதும்போல் இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை மெல்ல எழும்பியது. அழுகிய நாணலும் கறுத்த சேறும் கலந்த வாடை. விரலிடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் தொடையில் இறங்கியது. நின்றபாடில்லை.

இதே இடத்தில்தான், இலையுதிர் காலத்தில், மெய்லிர் காவலர்களுக்குத் தப்பி மேசைக்கடியில் ஊர்ந்து வந்து இத்திக்கின் அங்கிக் கையைப் பிடித்து இழுத்தான். வெறுங்கால். சின்ன வயதில் கோடாலி தவறி இடது சுண்டுவிரல் போன கால். "எனக்கு நகம் வெட்டற வேலை ஒண்ணு கம்மி" என்று சொல்லித் திரிந்த பிள்ளை, அன்று பல் கிட்டித்து நடுங்கினான்.

கால்பிடிப்பவனுக்கு ஒரு உரிமை உண்டு. மன்னரின் கால் மடியில் இருக்கும்போது ‘இவன் என் காவல்’ என்று சொல்லிவிட்டால் யாரும் அந்த ஆளைத் தொடக் கூடாது. சொன்னவனே கூடப் போய், அவன் கேட்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

"சொல்லுண்ணா," என்றான் மெய்லிர். "மூணே வார்த்தைதான்."

மன்னரின் குதிகால் இவன் தொடையை மெதுவாக அழுத்தியது. யாருக்காகவும் மூடாத வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. சாயங்காலம் சேற்றோடு திரும்பி வந்த அந்தக் கால்களை வெந்நீர் வைத்துக் கழுவியவனும் இவன்தான்.

இப்போது கட்டைவிரல் தானாகக் குதிகாலைத் தடவியது. மன்னருக்கு இருக்கும் காய்ப்பு இல்லை. மெத்தென்று, ஊறிப்போன தோல்.

வலது காலில் ஐந்து விரல்கள்.

இடது காலில் நான்கு.

மறுபடி தடவினான். நான்கு. கடைசியில் வழவழவென்று ஒரு பள்ளம்.

"ராஜா," என்றான். "உங்க காலு..."

"காலுக்கு என்னடா? குளிருதுன்னு அப்பவே மேல மடக்கி வெச்சிட்டேன். நீ இன்னும் கீழ என்ன பண்றே, நாயோட எலும்பு பொறுக்கறியா?"

சபை மறுபடி சிரித்தது.

மடியில் கனம் கூடியது. கையை எடுக்க முடியவில்லை. பார்க்கக் கூடாது. பார்க்கவே கூடாது. ஏதோ ஒன்று அவன் அங்கியின் கைப்பகுதியைப் பிடித்தது. சில்லென்று. இழுத்தது. அன்று இழுத்த அதே இடத்தில்.

பயமா, பாவம் என்ற நினைப்பா, அவனுக்கே தெரியவில்லை. வாய் திறந்துகொண்டது.

"இவன் என் காவல்."

கால்கள் மடியிலிருந்து இறங்கின. மெதுவாக. ஒன்று. அப்புறம் மற்றொன்று. மேசைக்கு வெளியே போய் நின்றன. குதிகால்கள் அவன் பக்கம். ஒன்பது விரல்கள் வாசல் பக்கம், மழை பக்கம், சதுப்பின் பக்கம்.

மேசைக்கடியிலிருந்து முழங்கால் வரைதான் தெரிந்தது. அதற்குமேல் நிற்பதைக் கண்டு சபையில் ஒருவர்கூடக் கத்தவில்லை. யாரோ இன்னும் கொஞ்சம் பீர் கேட்டார்கள்.

கால்களுக்கடியில் கோரை கறுத்து நனைந்துகொண்டே வந்தது. அவை நகரவில்லை. கொண்டுபோய் விடவேண்டியவன் எழுந்து வருவதற்காக நின்றுகொண்டிருந்தன.