காந்தவாலில் பதிந்த இரைச்சல்

ஆய்வாளர் இருமியபோது இரைச்சல் நின்றது. ஒரு நொடிதான், பிறகு தொடர்ந்தது.

ஜன்னலில்லாத அந்த அறையில், சூடேறிய கருவிகளின் வாடைக்கும் ஏசியின் முனகலுக்கும் நடுவே அவர் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு கோளுக்குப் பின்னால் அதன் காந்தப்புலம் வால்போல் நீண்டு கிடக்கும் காந்தவாலைக் கடந்தபோது விண்கலம் பதிவுசெய்த பிளாஸ்மா அலைகளை; காதுக்கு எட்டும்படி அவரே ஒலியாக்கியது. போன மாதத்துப் பதிவு. அது இவர் இருமலுக்கு எப்படி நிற்கும்?

"அப்பவே சொன்னேனே சார்," என்றாள் உதவியாளர் பெண். "நாம பேசினா நின்னுடுது. ஒட்டுக் கேக்குற மாதிரி."

"ஒட்டுக் கேக்குதா? உனக்குச் சம்பளம் கதை கட்டறதுக்கா? முதல்ல போய்க் காதைக் காட்டிட்டு வா."

முகம் சுண்டிப்போய் அவள் வெளியேறினாள். கண்ட கண்ட தத்திகளையெல்லாம் இந்த வேலைக்கு எடுக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டார். அந்தக் கட்டடத்திலேயே தனக்கு மட்டும்தான் மூளை இருப்பதாக நம்பும் மனிதர். பயம் என்பது மற்றவர்களுக்கு வரும் வியாதி.

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திருட்டுத்தனமாக மேசையைத் தட்டினார். நின்றது. நாற்காலியை இழுத்தார். நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். தொடர்ந்தது. இப்போது கொஞ்சம் அருகில்.

அப்போதுதான் நினைவு வந்தது. வீட்டில் கைக்குழந்தையைத் தூங்கவைக்க அவர் கொடுத்திருந்ததும் இதே பதிவுதான். தாலாட்டெல்லாம் பாமரத்தனம், சீரான இரைச்சல்தான் அறிவியல் என்று மனைவிக்கு வகுப்பெடுத்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் தினமும் ஓடவிட்ட மேதை.

வீடியோவில் மனைவியை அழைத்தார். அவள் முகம் தெரிவதற்குள் இரைச்சல் கேட்டது.

"அதை நிறுத்து!"

"எப்பவோ நிறுத்திட்டேங்க. இது நம்ம பாப்பா. அந்தச் சத்தத்தை அப்படியே பழகிக்கிட்டா." சிரித்தாள். "அப்பா மாதிரியே, வாய் ஓயறதில்ல."

"பாப்பா!" என்று கத்தினார்.

இரைச்சல் நிற்கவில்லை.

"காட்டு. அவளைக் காட்டு."

மனைவி தொட்டிலுக்குள் போனைத் தாழ்த்தினாள். அவள் சிரிப்பு பாதியில் அறுந்தது. "என்னங்க... இவ மூச்சே இழுக்கலையே..."

திரை முழுக்கக் குழந்தையின் வாய். அகலத் திறந்து. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. போன் நகர்ந்தது. ஏறி இறங்காத சின்ன நெஞ்சு. இரைச்சல் மட்டும், சீராக, இடைவிடாமல், உள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

கண்கள் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தன.