பதினான்கு நிமிடத் தாமதம்

திருமணம் காலாவதியாக இன்னும் நாற்பது நாள் இருப்பதாகச் சமையலறைச் சுவர் அறிவித்தது. பால் தீர்ந்துவிட்டது என்ற வரிக்கு அடுத்த வரியில்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணவனும் மனைவியும் சேர்ந்து போய்க் கைரேகை வைத்தால் கல்யாணம் தொடரும். போகாவிட்டால் தானாக முடிந்துவிடும். சண்டையும் இல்லை, வக்கீலும் இல்லை. சென்ற முறை சேந்தன் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. இந்த முறை கவலைப்பட்டான். காரணம், ருஸ்தம்.

ருஸ்தம் செவ்வாய்க் குடியிருப்பில் குழாய்ப் பொறியாளன். அங்கே பதவி உயர்வுக்குத் தமிழ்த் தேர்வு கட்டாயம். சேந்தனின் மனைவி மாதங்கி தொலைவகுப்பில் அவனுக்கு ஆசிரியை. அவள் குரல் செவ்வாய்க்குப் போய்ச் சேர ஏழு நிமிடம், அவன் பதில் திரும்பி வர ஏழு நிமிடம். அவசரப்பட்டுத் தவறாகப் புரிந்துகொண்டால் பாடமே வீணாகும் என்பதால், எதையும் இரண்டு தடவை கேட்ட பிறகே பதில் சொல்ல வேண்டும் என்பது தொலைவகுப்பின் விதி.

"நான் பேசினா பாதியிலயே எழுந்து போயிடறே. அவன் சொல்றதை ரெண்டு தடவை கேக்கறே," என்றான் சேந்தன்.

"அவர் முழுசா பேசறாரு. நீங்க கையில திரையை வச்சுக்கிட்டு 'உம்' கொட்டறீங்க."

பார்க்காத ஒருவன்மேல், பன்னிரண்டு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் குழாய் முடுக்குகிறவன்மேல், இவ்வளவு பொறாமைப்பட முடியும் என்று சேந்தன் நினைத்ததே இல்லை. வேவு பார்ப்பது என்று முடிவு செய்தான். செவ்வாயில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனின் கணக்கை இரவல் வாங்கி, குரல்மாற்றி பொருத்தி, யோவான் என்ற பெயரில் மாதங்கியிடமே மாணவனாகச் சேர்ந்தான். பக்கத்து அறையில் அவள் பேசுவது செவ்வாய்வரை போய்த் திரும்பி, பதினான்கு நிமிடம் கழித்து அவன் காதில் விழுந்தது. அவன் பதிலும் அதே வழியில் அவளிடம் போனது. வகுப்பு நாட்களில் நாலு மணிக்கு அலுவலகக் கூட்டம் என்று மாதங்கியிடம் சொல்லிவைத்திருந்தான்.

ருஸ்தமைப் பற்றி ஒன்றும் தெரியவரவில்லை. ஆனால் யோவான் வேண்டுமென்றே தப்பும் தவறுமாகப் பேசியதற்கெல்லாம் அவள் பொறுமையாகத் திருத்தம் சொன்னாள், சிரித்தாள், நேற்று அவன் சொன்னதை இன்று நினைவு வைத்துக் கேட்டாள். சேந்தன் அவளுடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் விதிப்படி இரண்டு தடவை கேட்டான். அவளுக்குச் சிறுவயதில் நீச்சல் பிடிக்கும் என்பது பத்தாண்டு கழித்து அவனுக்குத் தெரிந்தது.

'வீட்டில் அன்பு' என்ற பாடத்தில் யோவான் திக்கித் திக்கிச் சொன்னான்: "பேசும்போது திரும்பிப் பார்த்து, முழுசா கேக்கறதுதான் அன்பு, டீச்சர்." தானே அசந்துபோகும் அளவுக்கு நன்றாக வந்தது.

அன்று சாப்பிடும்போது மாதங்கி, "புதுசா யோவான்னு ஒருத்தர். என்ன மனுஷன் தெரியுமா," என்றாள். அப்போது ருஸ்தம்மேல் இருந்த எரிச்சல் மொத்தமும் யோவான்மேல் பாய்ந்தது. யோவான் யாரென்று தெரிந்தும் அது தணியவில்லை. அவளைத் தன் பக்கம் இழுப்பதற்கு அவன் கண்டுபிடித்த வழி, வகுப்பை வாரம் மூன்றிலிருந்து ஆறாகக் கூட்டுவது.

கடைசி நாள் வந்தது. ஆறு மணிக்குள் கைரேகை வைக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு போகலாம் என்று சேந்தன் நாலு மணிக்குக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முதல் வாக்கியம் வரப் பதினான்கு நிமிடம். நேற்றைய பாடத்தைத் திரும்ப ஓடவிட்டான்.

நாலு பத்துக்குக் கதவு திறந்தது.

"என்னங்க," என்றாள் மாதங்கி. "ஒரு நிமிஷம் பேசணும்."

காதில் நேற்றைய மாதங்கி சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினான். "அப்புறம். கூட்டத்துல இருக்கேன்."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

நாலு பதினாலுக்கு இன்றைய குரல் வந்தது.

"யோவான், மன்னிச்சுக்கோங்க, இன்னிக்கு வகுப்பு இல்ல. கல்யாணத்தைப் புதுப்பிக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். பத்து நாளா நான் பேசறது எதையும் அவர் கேக்கலை. எந்நேரமும் காதுல ஏதோ மாட்டியிருக்கு, யாரோ இருக்காங்கன்னு நினைக்கிறேன். யாருன்னு தெரியாமலே அவமேல எனக்கு அவ்வளவு பொறாமை. இன்னும் பத்து நிமிஷத்துல அவர் அறைக்குப் போகப்போறேன். நீங்க சொன்ன மாதிரி திரும்பிப் பார்த்தா, சேர்ந்து போய்க் கைரேகை வைப்போம். பார்க்கலைன்னா, பெட்டி கட்டி வச்சிருக்கேன்."

சேந்தன் எழப்போனான். ஆனால் பழக்கம் விடவில்லை. விதிப்படி அதை இன்னொரு தடவை கேட்டான்.

பிறகு ஒலிவாங்கியை வாயருகே இழுத்து, "போகாதே மாதங்கி, நான்தான்," என்றான்.

அந்தக் குரல் செவ்வாய்க்குக் கிளம்பியது. மாதங்கி, அவன் அறைக் கதவிலிருந்து இருபது அடி தள்ளி, லிஃப்ட் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.