நான்காவது தட்டு

திருத்துறைப்பூண்டிக்கு வெளியே ஓடாமல் கிடந்த அரிசி ஆலைக்கு நான் போனது பேய் பார்க்க அல்ல, சாக்ஸபோன் பதிவு செய்ய. அங்கே ஒரு சுரம் ஊதினால் ஏழு விநாடி நிற்கும். வீட்டில் ஊதினால் என் தங்கை சான்ட்ரா, "ஏன்க்கா, இது பாட்டா, பஸ் பிரேக்கா?" என்பாள்.

ஜாஸில் ஊறி நானே எழுதிய பாட்டு, இரண்டு வருட உழைப்பு. பன்னிரண்டு நிமிடம், ஒரே ஆள், ஒரே வாத்தியம். ஊதாமல் பொத்தான்களை மட்டும் நான்கு முறை தட்டித் தொடங்கும். பிறகு ஒரே குழலில் இரண்டு சுரம் சேர்ந்து கிளம்பும். மறுநாளுக்குள் இசைவிழாக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். வேறு ஒலி கலந்திருந்தால் தள்ளிவிடுவார்கள்.

"உள்ள மருதையன் இருக்காரும்மா," என்றார் கதவைத் திறந்துவிட்ட காவலாளி கண்ணுசாமி. "இங்க மேஸ்திரியா இருந்தவரு. தூசி நெஞ்சை அடைச்சு, மூச்சுக்குத் தவிச்சே போனாரு."

"இருக்கட்டுங்க. எனக்கும் மூச்சுதான் பொழப்பு."

தகரக் கூரையில் மதிய வெயில். எங்கும் பழைய உமி வாசனை. ஊதி முடித்துப் பதிவைக் கேட்டேன். மூச்சு வாங்க நான் நிறுத்திய இடங்களில் பாட்டு நிற்கவில்லை.

யாரோ என் சுரத்தைத் தொடர்ந்து ஊதியிருந்தார்கள்.

எதிரொலி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதிரொலி தேயும். இது ஏறிக்கொண்டே போனது.

இரண்டாம் முறை, குழலுக்குள்ளிருந்து காற்று என் வாய்க்கே திரும்பி வந்தது.

நாக்கில் உமி.

பயத்தைவிடக் கோபமே அதிகமாக வந்தது. ஊரே கேலி செய்தும் விடாமல் எழுதிய பாட்டு இது. செத்தவருக்கு மட்டும் விட்டுக்கொடுப்பேனா?

"இடைவெளி இருந்தாத்தானே வருவீங்க?" என்றேன்.

கன்னத்தில் அடக்கிய காற்றை ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்தேன். பன்னிரண்டு நிமிடமும் சுரம் அறுபடவில்லை. என் காதருகே ஒரு மூச்சு முட்டி முட்டி வழி தேடியது. நான் இடம் கொடுக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும் கடைசிச் சுரத்தை நானே முடித்தேன்.

பதிவு சுத்தமாக இருந்தது. அங்கேயே செல்போனில் அனுப்பிவிட்டு, வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கூடத்தில் இறக்கியதும் உள்ளே சத்தம் கேட்டது.

டக்.

டக்.

டக்.

அத்தோடு நின்றது.

சான்ட்ரா என் கையைப் பிடித்தாள். "அக்கா, திறக்காத."

திறக்கவில்லை. ஆனால் என் பாட்டை இன்னொருவர் தொடங்க விடுவதாகவும் இல்லை. நான்காவது தட்டை மூடியின் மேல் நானே ஓங்கித் தட்டினேன்.

உள்ளே யாரோ மூச்சை இழுத்தார்கள்.